எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் அதிகம்

ஜூன் 7, சனி

பெனாசிர் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பெரியாஸ்பத்திரியில் மாமாவின் முழங்காலுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் அவள். சின்னப் பெண். "டீச்சர், தினமும் என்ன பண்ணார், வலி எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதுங்க. அவரை எழுதச் சொன்னா எல்லாம் பண்ணேன்னு எழுதிருவார்" என்றாள். முதல் நாளிலேயே ஆளை அளந்துவிட்டாள்.

மாமா என்றால் என் கணவர் ஜெகதீசன். கூப்பிடுவதற்கு மட்டும் மாமா இல்லை, நிஜ மாமாவேதான். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பிறந்ததிலிருந்தே அவருக்கு ஹீமோபீலியா. ரத்தத்தை உறையவைக்கும் சத்து உடம்பில் கிடையாது. வெளியே வெட்டுப்பட்டால்கூடச் சமாளிக்கலாம், மூட்டுக்குள் கசிவதுதான் பெரிய தொல்லை. இடது முழங்காலில் கசிந்து கசிந்து அது பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. ஆண்களுக்கு வருகிற நோய், பெண்கள் வழியாக வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால் வெளியில் அவருக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. எனக்கு இருபது வயது ஆனபோது, "என் தம்பிய நீ பாக்காம வேற யாரு பாப்பா" என்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நான் சாப்பிட வைத்தேன்.

இன்று செய்தது: முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவது. பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது. தொடைத்தசை இறுகுகிறதா என்று விரல் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "இதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ்ல வந்தோம்" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

இதை யாரும் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். நேற்று மாலை நர்ஸிங் ஹோமில் ஸ்கேன் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, சுவர் தடித்திருக்கிறது, ரத்தம் குறைவு. "இவ்வளவு வருஷமா எப்படிம்மா தாக்குப்பிடிச்சீங்க" என்று டாக்டரம்மா கேட்டார். கறுப்புப் புடவையும் மாற்றுப் பாவாடையும் வைத்துக்கொண்டுதான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. மாதத்தில் பாதி நாள் அப்படித்தான் போகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். ஜூலை 14, திங்கள். ஆடி பிறப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் அம்மாவுக்கும் திருப்தி.

பிறகு ஆறு வாரம் நான் மாடிப்படி ஏறக்கூடாது, குடத்தைத் தூக்கக்கூடாது. கீழே மாமாவின் கடையும் அதன் பின்னால் அடுப்படியும், மேலே வீடு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் போர்டுக்கு டிசைன் போடுகிற கடை. உட்கார்ந்த வேலை. ஆனால் மேலே வர வேண்டுமென்றால் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். கடைக்கு வந்தவர்கள் பார்த்தால் ஏதோ தேடுவதுபோல நின்றுவிடுவார். பையன் நவநீதன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஆகவே ஜூலை 14க்குள் இந்த மனிதர் நின்று சமைக்க வேண்டும், ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். இல்லையென்றால் தையல் பிரிப்பதற்குள் நானே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

செய்யவில்லை. தலைவலியாம்.

ஜூன் 12, வியாழன்

இன்றும் செய்யவில்லை. ஒரு கவுன்சிலருக்குப் பிறந்தநாளாம், முகத்தில் சுருக்கமே தெரியாமல் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் 14, சனி

பெனாசிரிடம் புகார் சொன்னேன். அவள் மாமாவைத் திட்டவில்லை. பாயை விரித்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "டீச்சர், நீங்களும் கூடவே பண்ணுங்க. தனியா பண்ணச் சொன்னா யாருமே பண்ண மாட்டாங்க." பிறகு அவரிடம், "அண்ணா, மூட்டைச் சுத்தி இருக்கற தசைதான் அதுக்கு வேலி. வேலி பலமா இருந்தா உள்ள அடிபடாது, கசிவும் குறையும். ஃபேக்டர் ஊசி போட்ட அன்னைக்கே பயிற்சிய வச்சுக்கங்க" என்றாள். ஃபேக்டர் என்பது உறையவைக்கும் அந்தச் சத்து. மாமா அதைத் தன் கையிலேயே நரம்பு பார்த்து ஏற்றிக்கொள்வார்.

சட்டங்கள் சொன்னாள். எனக்குப் பாதி தெரிந்தவைதான். ஆரம்பிக்கும் முன் இரண்டு முட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். அன்று பயிற்சி கிடையாது, ஐஸும் ஊசியும் ஓய்வும்தான். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கூடாது. கடையில் விற்கும் வலி மாத்திரை கூடவே கூடாது, அது ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும். என் வலி மாத்திரைகளை அவர் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று பீரோவுக்குள் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "சூப்பர் டீச்சர்" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

இருவருமாகச் செய்தோம். காலை நீட்டிவைத்து மெல்லத் தூக்கி, நிறுத்தி, இறக்குவது. நான் தூக்கினேன், அவரும் ரோஷத்துக்குத் தூக்கினார். "உன் காலு மட்டும் என்ன, கருங்கல்லுலயா செஞ்சாய்ங்க" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் இருவரும் ஒரே பாயில் காலை நீட்டிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

ஜூன் 18, புதன்

பள்ளியில் காலை வழிபாடு முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது வலது கால் சறுக்கிவிட்டது. விழவில்லை, சமாளித்துவிட்டேன். வலிகூட இல்லை. மத்தியானம் பாடம் நடத்தும்போது கணுக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் சுரசுரவென்று இருந்தது. சாயங்காலம் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மாமா: துண்டு அமுக்குவது, கால் தூக்குவது, இரண்டும். முட்டி குளிர்ச்சி.

ஜூன் 21, சனி

அம்மா வந்திருந்தாள். அடுத்த தெருதான், ஆனால் வருகிறாள் என்றால் தம்பியைப் பார்க்கத்தான். அவர் முட்டியைத் தொட்டாள், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். நான் நொண்டுவதைப் பார்த்து, "நல்லெண்ணெயக் காச்சித் தேச்சு நல்லா நீவு, சரியாப் போகும்" என்றாள். அவளே தேய்த்தும் விட்டாள். அழுத்தமான கை. உயிர் போய்விட்டது.

கர்ப்பப்பை பேச்சு வந்தது. "நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு ரத்தம் அதிகம்டி. எங்கம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஆம்பளைகளுக்குப் பத்தாம இருக்குது, நமக்கு வழியுது. சாமி கணக்கு" என்றாள். இதை அவள் பெருமையாகத்தான் சொல்லுவாள். நவநீதன் பிறந்த சமயம் நான் வீட்டுக்கு வந்த பிறகு பாய் நனைந்துகொண்டே இருந்தபோதும் இதைத்தான் சொன்னாள். அந்த வாரம் அவனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று வந்தது. எல்லோரும் அழுது சிரித்து இனிப்புக் கொடுத்தார்கள். பையனுக்கு வரவில்லை என்றால் எனக்குள்ளும் அது இல்லை, நோய் மாமாவோடு நின்றது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அன்று ஒரு பெரிய பாரம் இறங்கியது நிஜம்.

ஜூன் 25, புதன்

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார்! எழுந்து நின்றுவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் கைதட்டினேன். உடனே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தட்டுவதுபோல் தட்டினேனாம்.

ஜூன் 28, சனி

காலையில் பெனாசிர், சாயங்காலம் நர்ஸிங் ஹோம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். அங்கேயே மேசையைப் பிடித்துப் பழக்கினாள், நானும் நின்றேன். வலது காலில் நிற்க முடியவில்லை. அவள் மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நல்லதாயிற்று, இல்லாவிட்டால் என்னையும் உட்கார வைத்திருப்பாள், அப்புறம் அவரும் உட்கார்ந்திருப்பார்.

நர்ஸிங் ஹோமில் ரத்தம் எடுத்தார்கள். விரலைக் குத்தி, எத்தனை நேரத்தில் நிற்கிறது, எத்தனை நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருக்கிறதாம். நர்ஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா. "குடும்பத்துல யாருக்காச்சும் ரத்தப்போக்கு நோய் இருக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு. ஹீமோபீலியா."

"அவருக்கு இருந்தா உங்களுக்கு என்னம்மா? உங்க பொறந்த வீட்டுல கேக்குறேன். அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க?"

"இல்ல" என்றேன். உண்மைதானே. அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

வந்துவிட்டது. புடவை நனைந்திருக்குமோ என்று பள்ளியில் நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

எனக்குத் தெரியாமல் பாவி மனிதர் படியேறிப் பழகியிருக்கிறார். நான் பள்ளிக்குப் போன நேரத்தில், தினமும். எனக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம். இன்று காலை இடது முட்டி சூடு, வீக்கம். அம்மா ஓடி வந்தாள். ஐஸ் கட்டியை உடைப்பவர் ஒருவர், துணியில் சுற்றுபவர் ஒருவர். அவர் தானே ஊசி போட்டுக்கொண்டார். தலையணை மேல் காலை உயர்த்தி வைத்து எல்லோரும் சுற்றி நின்று அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு நிற்க முடியவில்லை. ஐந்தாம் நாள், நனைகிறது, கணுக்கால் விண்விண் என்கிறது. போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம். எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. இந்த வீட்டில் நோயாளி என்ற நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 9, புதன்

சூடு இறங்கியது. பெனாசிர் போனில் சொன்னபடி மறுபடி துண்டு அமுக்குவதிலிருந்து ஆரம்பித்தோம். "நாம தோத்துப்போயிட்டோம்னு நெனைக்காதீங்க அண்ணா, ரெண்டு படி கீழ எறங்கி நிக்கிறோம், அவ்வளவுதான்" என்றாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டுக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். என் ஆபரேஷனுக்கு முன்னால் ஆகிவிட வேண்டும் என்று அவரும்தான் நாளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு இன்னும் நிற்கவில்லை. இதுதான் கடைசி முறை என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக, நின்றபடி மேலே வந்தார். இன்னொரு கையில் ரசச் சட்டி. நிறையச் சிந்திவிட்டது. அந்த ரசத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு.

பை கட்டிவைத்துவிட்டேன். இரண்டு நைட்டி, டம்ளர், போர்வை.

ஜூலை 13, ஞாயிறு



நாளைக்கு வரும்போது நகை எதுவும் போட்டிருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் மெட்டியைக் கழற்றினேன். இடது கால் கொலுசும் வந்துவிட்டது. வலது கால் கொலுசு வீக்கத்தில் அமுங்கிக் கிடந்தது, திருகாணி கைக்கே எட்டவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன். முன்பென்றால் கூப்பிட்டிருக்க மாட்டேன், அவரால் அவ்வளவு கீழே உட்கார முடியாது. இப்போது முக்காலியை இழுத்துப் போட்டு, ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

திருகாணியைத் தேடியவர் சட்டென்று நிறுத்திவிட்டுப் புறங்கையால் கணுக்காலைத் தொட்டார். பிறகு இடது காலைத் தொட்டார். மறுபடி வலது. தினமும் அவர் முட்டிக்கு நான் செய்வதுபோலவே.

"இது எம்புட்டு நாளா இருக்கு?"

"பள்ளிக்கூடத்துல சறுக்குச்சுல்ல. சுளுக்கு."

"அது போன மாசம்." அவர் குரல் மாறிவிட்டது. "மொதல்ல வலிச்சுச்சா? இல்ல உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சா?"

நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவரும் தன் முட்டியைப் பற்றி என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. வலிக்கிறது என்று மட்டுந்தான் சொல்லுவார். என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டார்.

அப்புறம் வரிசையாகக் கேட்டார். கடைவாய்ப் பல் பிடுங்கியபோது எத்தனை நாள் பஞ்சு வைத்தாய்? தொடையிலே அந்த நீலம் எப்படி வந்தது? ஒத்தடம் கொடுத்தாயா? என்ன மாத்திரை போட்டாய்? எனக்கு எரிச்சலாக வந்தது. மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நீ போகல."

"என்னது?"

"ஆப்பரேசன் வேணாம். மொதல்ல ரத்தம் பாக்கணும். என் ரத்தம் பாக்குற எடத்துல."

அப்போது நான் கத்தியதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "எனக்குன்னு ஒரு நோவு வந்தா அதையும் உங்க நோவா ஆக்கணுமா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் படுத்துக்குறேன், நீங்க சோறு கொண்டாங்கன்னு கேட்டேன். அது பொறுக்கலையா?" என்றேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என் காலைக் கீழே விடவும் இல்லை.

"அங்க நோவு யாருக்கும் இருக்கான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. உங்களுக்கு இருக்குன்னு சொன்னேன். வீட்டுக்காரருக்கு இருந்தா உங்களுக்கு என்னன்னு சொல்லிட்டாங்க."

"தமயந்தி. நீ எனக்குப் பொண்டாட்டி ஆனதெல்லாம் பின்னாடி. மொதல்ல நீ எங்க அக்கா மக" என்றார்.

பிறந்த வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டவளிடம் நான் இல்லை என்று சொன்னேன். என் பிறந்த வீட்டுக்காரர் என் எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து எல்லோரும் அதை மறந்துபோனோம், நான் உட்பட.

கொலுசை வெட்டித்தான் எடுத்தார்.

ஜூலை 14, திங்கள்

இந்நேரம் ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், காலில் ஐஸ்.

காலையில் மாமா நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்தார். டாக்டரம்மா முதலில் கோபப்பட்டார், தியேட்டர் தயாராக இருக்கிறதாம். இவர் விஷயத்தைச் சொன்னார். அப்புறம், "சொந்தத்துலயா கட்டினீங்க?" என்று கேட்டாராம். "முதல்ல அந்தப் பரிசோதனைய முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாதான் ஆடித் தீர்த்துவிட்டாள். "அது ஆம்பள நோவுடா! பொம்பளைக்கு வருமா எங்கயாச்சும்? டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?" மாமா அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. "எனக்குத் தெரியும்க்கா. நீங்கள்லாம் பாத்திருக்கீங்க, எனக்கு வந்திருக்கு" என்றார். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கணுக்காலுக்கு ஊசி போட்டார்கள். எனக்கு!

பெனாசிர் என் காலைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "இந்தக் காலோட என் முன்னாடியே நின்னு பயிற்சி பண்ணீங்களே டீச்சர். அண்ணன் காலு, அண்ணன் காலுன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள். எல்லோரும் அதைத்தானே பார்த்தோம், நீ மட்டுமா என்றேன். நானும்தானே.

ஜூலை 26, சனி

முடிவு வந்தது. உறையவைக்கும் சத்து எனக்குப் பதினான்கு சதவீதம்தான். ஹீமோபீலியா என்றே எழுதியிருக்கிறார் டாக்டர், லேசான வகை. நோயைச் சுமக்கிற பெண்களில் சிலருக்கு இப்படி இருக்குமாம். விரலைக் குத்திப் பார்க்கிற பரிசோதனையில் இது தெரியாதாம். பையனுக்கு இல்லையே என்று கேட்டேன். "அவனுக்கு வர்றதுக்கும் வராம இருக்கறதுக்கும் சரிபாதி வாய்ப்பு. அவன் தப்பிச்சுட்டான், அவ்வளவுதான். அதனால உங்களுக்கு இல்லன்னு ஆகிடாதும்மா" என்றார். நாங்கள் அன்று இனிப்புக் கொடுத்தோம்.

"அன்னைக்கு ஆப்பரேசன் பண்ணியிருந்தா?" என்று மாமா கேட்டார்.

"தையல் போட்டு வார்டுக்கு வந்துருப்பாங்க. அப்புறம் உள்ள கசிய ஆரம்பிச்சிருக்கும். வெளிய தெரியறப்போ..." டாக்டர் அத்துடன் நிறுத்திவிட்டுக் காகிதங்களை அடுக்கினார். மாமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது, இங்கே நீலமாகும் என்று தெரிந்தும் நான் கையை எடுக்கவில்லை.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். அந்த நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ள மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் பிறகு ஃபேக்டர் ஊசியின் காவலோடு இங்கேயே செய்யலாம் என்கிறார்.

ஜூலை 28, திங்கள்

பெனாசிர் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாள். காலைத் தொங்கவிட்டு, பெருவிரலால் காற்றில் எழுத வேண்டும். கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்புமாம். அ, ஆ, இ என்று எழுதினேன். எதிரே துண்டை அமுக்கிக்கொண்டிருந்த மாமா, "ஈ-க்குப் புள்ளி வைக்கல. ஆயுத எழுத்த விட்டுட்ட. நீயெல்லாம் என்ன டீச்சர்" என்றார். தொடங்கும் முன் நான் அவர் முட்டியைத் தொட்டேன், அவர் என் கணுக்காலைத் தொட்டார். இரண்டும் குளிர்ச்சி.

அவர் கொஞ்சம் கழித்து, "எனக்குப் பொண்ணு கெடைக்கலன்னு உன்னய இதுக்குள்ள இழுத்துட்டோமேன்னு இருந்தேன். நீ பொறந்தப்பவே இதுக்குள்ளதான் இருந்திருக்க" என்றார். எழுதிக்கொண்டிருந்த எழுத்தை முடித்தேன்.

ஜூலை 30, புதன்

வந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நின்றுவிட்டது.

குளியலறையில் துணியைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. நம்பாமல் மத்தியானம் மறுபடி பார்த்தேன். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம் என்று மாமாவிடம் சொன்னேன். சந்தோஷம் மட்டும் இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து நான் உட்காராத பெஞ்சுகள், போகாத கல்யாணங்கள், சுவரில் சாய்ந்து நடத்திய பாடங்கள். மற்ற பெண்களெல்லாம் இப்படி ஐந்து நாளில் முடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஏதோ தாங்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அன்று கோபித்துக்கொண்டு போன அம்மா இன்றுதான் வந்தாள். முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தாள். பள்ளி விட்டு வந்த நான் எதிரே உட்கார்ந்தேன். மாமா கீழே கடையில் இருந்தார். அவள் கீரையை ஆய, கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினோம். பிறகு சொன்னேன்.

"இந்த மாசம் அஞ்சு நாள்ல நின்னுருச்சும்மா."

அவள் கை நின்றது. "தானாவா?"

"மாத்திர குடுத்தாங்க. மத்தவங்களுக்கு மாத்திர இல்லாமலே நின்னுரும்."

"எல்லாருக்குமா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும்."

அம்மா கையிலிருந்த கீரைக்காம்பை இலையோடு சேர்த்தே முறத்தில் போட்டாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"சரோஜாவுக்கு நிக்கவே இல்ல" என்றாள்.

சரோஜா பெரியம்மா, அம்மாவுக்கு நேர் மூத்தவள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். மஞ்சள் காமாலை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காமாலையெல்லாம் இல்ல. புள்ளயப் பெத்துட்டு வீட்டுக்கு வந்தவ. நல்லாத்தான் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா. கொஞ்சங்கொஞ்சமா வெளுத்துக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு அவ புருசன் கேட்டான். நாந்தான் வேணாம்னேன். நம்ம வீட்டுல இப்படித்தான் இருக்கும், சரியாப் போகும்னு சொன்னேன்." அம்மா என்னைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்தே பேசினாள். "பக்கத்துலயே உக்காந்து நாந்தான் துணி மாத்துனேன் தமயந்தி. ராத்திரி பகலா மாத்திக்கிட்டே இருந்தேன். அது நிக்க வேண்டியதுன்னு எனக்குத் தோணவே இல்லையே."